லோவுட் இல்லாத ‘ஜேன் அயர்’ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தஞ்சை, திருவாரூர் வட்டாரப் பள்ளி நூலகங்களுக்கு சார்லட் பிராண்டியின் ஆங்கில நாவலான ‘ஜேன் அயர்’ வாங்குவோர் முதலில் அத்தியாயங்களை எண்ணிப் பாருங்கள். 1847இல் மூன்று தொகுதிகளாக வந்த மூலத்தில் 38 உண்டு. 5 முதல் 10 வரையிலான லோவுட் பகுதியை, அதாவது சிறுமி ஜேன் படிக்கும் அநாதை விடுதிப் பள்ளியின் கதையை, சுருக்கப் பதிப்பில் வெட்டினால் காதல் கதைதான் மிஞ்சும். அநாதைச் சிறுமி நிமிர்ந்த விதம் போய்விடும். தீய்ந்த கஞ்சியைத் தின்ன முடியாமல் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு எழும் அந்தக் காலை ஒன்று போதாதா, இந்தப் பகுதி வேண்டும் என்பதற்கு? அந்தப் பள்ளியின் 80 பேரில் 45 பேரை ஒரே சமயத்தில் டைபஸ் காய்ச்சல் படுக்க வைத்தது. அரைவயிறும் கவனிக்காத சளியும் அவர்களை எளிதில் நோய்க்கு ஆளாக்கின என்று நாவலே சொல்கிறது. ஜேனின் பள்ளித் தோழி ஹெலன் இறப்பதோ காசநோயால். இரண்டையும் குழப்பக் கூடாது.

ஜூனில் பள்ளி திறந்ததும் தொடங்கி, வாரம் 2 அத்தியாயம் உரக்க வாசித்தால் 19 வாரத்தில், ஐப்பசி அடைமழைக்குள் முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர் வட்டத்தினர்,
கும்பகோணம்