சுக்கான் இல்லாத ஒரு மாலை

அன்புள்ள நண்பருக்கு,

முழங்கால் வலி தணிந்து நீங்கள் மீண்டும் படகில் ஏறத் தொடங்கிவிட்டீர்கள் என்பதைப் படித்ததும் மனம் நிறைந்தது. பதில் எழுதப் பத்து நாள்கள் தாமதமானதற்குக் காரணம் உண்டு. எனக்கு நேர்ந்த ஒன்றை, மறுபடியும் நீரில் செய்து பார்த்து உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

என் பாய்மரப் படகில் தனியாக ஏரியின் நடுவில் சென்றுகொண்டிருந்தபோது, திசை திருப்பும் சுக்கானைப் படகின் பின்பலகையோடு பிணைக்கும் இரண்டு முளைகளில் கீழ்முளை ஒடிந்துவிட்டது. ஒற்றை முளையில் கோணலாகத் தொங்கிய சுக்கான் படகை ஒரே பக்கமாக இழுத்ததால், அதைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டு, பாய்களைக் கொண்டே படகைத் திருப்ப முயன்றேன். கோணி மாட்டிக்கொண்ட சுக்கானைவிடச் சுக்கானே இல்லாதது மேல் என்று நீங்கள் எப்போதோ சொன்னதை அன்றைக்குத்தான் முழுதாக ஒப்புக்கொண்டேன்.

நீருக்குள் இறங்கியிருக்கும் நடுப்பலகையை அச்சாகக் கொண்டால், அதற்கு முன்னே உள்ள சிறுபாய் படகின் முன்முனையான அணியத்தைக் காற்று போகும் திசையில் தள்ளுகிறது. பின்னே உள்ள பெரும்பாயோ படகின் பின்புறத்தைத் தள்ளி, அணியத்தைக் காற்றை நோக்கித் திருப்புகிறது. எனவே பெரும்பாய்க் கயிற்றை இறுக்கிச் சிறுபாயைத் தளர்த்தினால் படகு காற்றை நோக்கி ஏறும், மாற்றிச் செய்தால் விலகும். இது நாம் இருவரும் ஏட்டில் அறிந்ததுதான். ஆனால் உடலின் எடை இதில் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பதை நான் அறிந்திருக்கவில்லை. காற்று போகும் பக்கமாகப் படகைச் சாய்த்தால் அது காற்றை நோக்கித் திரும்புகிறது. எதிர்ப்பக்கம் சாய்த்தால் விலகுகிறது. பாய்களைத் தொடாமல், ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தே சிறு திருத்தங்களைச் செய்ய முடிந்தது.

முதல் கால்மணி நேரம் என் தடம் பாம்பு போல நெளிந்தது. கயிற்றை இறுக்கிய பின் படகு உடனே திரும்புவதில்லை. திரும்பத் தொடங்கினாலோ சொன்ன இடத்தில் நிற்பதில்லை. அணியம் வேண்டிய திசையை அடைவதற்கு முன்பே, நான்கு விரல் அளவு கயிற்றைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது பல முறை தவறிய பிறகே கைக்கு வந்தது.

காற்று வரும் திசையை அணியத்தால் கடந்து மறுபக்கம் திரும்புவதில் இரண்டு முறை தோற்றேன். படகு காற்றுக்கு நேராக நின்று, பாய்கள் படபடக்க, பின்னோக்கி நகர்ந்தது. மூன்றாம் முறை, சற்று விலகி வேகம் பிடித்து, சிறுபாயை விட்டுப் பெரும்பாயை இறுக்கி, படகையும் சாய்த்தேன். அணியம் காற்றைத் தொட்டதும் சிறுபாயைப் பழைய பக்கத்திலேயே இழுத்துப் பிடித்தேன். அதன் மறுமுகத்தில் காற்று விழுந்து, அணியத்தை ஒரு கை பிடித்துத் தள்ளியது போல மறுபக்கம் கொண்டுபோய்விட்டது. அந்த நொடியில் பெரும்பாயைத் தளர்த்த மறந்தால் படகு மறுபடி காற்றை நோக்கியே போய்விடும்.

காற்றோடு கரை திரும்பியதுதான் தொல்லை. ஒருபுறம் விரிந்த பெரும்பாய் படகை ஓயாமல் சுழற்றப் பார்த்தது. அதை இறக்கிவிட்டுச் சிறுபாயோடு மட்டும் வந்தேன். மெதுவாக, ஆனால் நேராக.

ஜோஷுவா ஸ்லோகம் 1895 முதல் 1898 வரை தனியாக உலகைச் சுற்றியபோது, இந்தியப் பெருங்கடலில் உள்ள கீலிங் தீவுகளுக்கான 2,700 மைல் ஓட்டத்தில் 23 நாள்களில் மூன்று மணி நேரத்துக்கு மேல் சுக்கானைப் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். அவரிடம் கட்டிவைக்கவாவது ஒரு சுக்கான் இருந்தது! ஆயினும் அவருடைய படகைப் போலவே உங்கள் படகுக்கும் அடியில் நெடுக ஓடும் நீண்ட அடிமரம் இருப்பதால், அது என்னுடையதைவிட மெதுவாகத் திரும்பினாலும் நேராக ஓடும் என்று எதிர்பார்க்கிறேன். காற்று மெலிந்த ஒரு நாளில் சுக்கானை நடுவில் கட்டிவிட்டு முயன்று பாருங்கள். காற்றைக் கடக்கும்போது உங்கள் சிறுபாயை எவ்வளவு நேரம் பழைய பக்கத்தில் பிடிக்க வேண்டியிருந்தது என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

என் படகுக்குப் புதிய முளைகள் மாட்டியாயிற்று.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்