மச்சானின் கால் வீக்கம்

தோ பாயோ, சிங்கப்பூர்

அன்புள்ள சண்முகம்,

பேத்தி பிறந்த சேதி கிடைத்தது. ரொம்ப சந்தோஷம். பெயர் வைத்தாயிற்றா?

இங்கே மச்சான் உடம்புதான் கவலை. கணையத்தில் புற்று என்று எழுதியிருந்தேன் இல்லையா, போன மாதம் இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கிவிட்டது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. தேக்கா மார்க்கெட்டுக்கு நடந்த அசதி என்று அக்கா தைலம் தேய்த்துவிட்டார். நான்தான் பிடிவாதமாக டாக்சியில் ஏற்றினேன். ஸ்கேனில், ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்திருந்தது. அது நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

வயிற்றில் இருக்கும் நோய்க்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். அடிபட்டால் ரத்தத்தை உறையவைக்கத் தூண்டும் டிஷ்யூ ஃபேக்டர் என்ற புரதம் புற்றுச் செல்களில், அதுவும் கணையப் புற்றில், ஏராளமாம். காயமே இல்லாமல் உறையும் வேலை தொடங்கிவிடுகிறது. பாரிஸில் துரூசோ என்ற மருத்துவர் 1865-லேயே இந்தத் தொடர்பைச் சொல்லிவிட்டார். 1867-ல் தனக்கே அப்படி வந்ததும் இது புற்றுதான் என்று மாணவரிடம் சொன்னாராம். சில மாதங்களில் இரைப்பைப் புற்றில் போய்விட்டார்.

ரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்) சமாச்சாரம்தான் எனக்கு ஆறவே இல்லை. ரத்தத்தில் அலையும் புற்றுச் செல்லைத் தட்டணுக்கள் சூழ்ந்து ஒட்டிக்கொள்வதால், நோய் எதிர்ப்பு அணுக்களின் பிடியில் அது சிக்குவதில்லை. திருடன் போலீஸ் ஜீப்பிலேயே ஏறித் தப்புகிற கதை! சில கட்டிகள் இன்டர்லூகின் 6 என்ற புரதத்தைச் சுரந்து, கல்லீரல் வழியாக எலும்பு மஜ்ஜையைத் தூண்டித் தட்டணுக்களைப் பெருக்கவும் செய்கின்றன.

கீமோவோ அதற்கு நேர்மாறு. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கவேண்டிய தட்டணு, மச்சானுக்கு இரண்டாம் வாரத்தில் அறுபதாயிரத்துக்கு வந்துவிட்டது. உறையாமல் இருக்கத் தினம் ஊசி. ஐம்பதாயிரத்துக்குக் கீழே போனால் ரத்தம் கசியும் என்று வழக்கமாக அதே ஊசியின் அளவைக் குறைப்பார்களாம். தொப்புளைத் தவிர்த்து வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து அக்காவே போடுகிறார். சுற்றிலும் கன்றிப்போன நீலத் திட்டுகள். மச்சானுக்கு வலியைவிட அக்காவின் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

உன் தங்கைக்கும் கீமோ நடக்கிறது என்றாயே. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ தேய்த்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. அப்புறம், பேத்தியின் படத்தை அனுப்பு.

அன்புடன்,
ராஜு