மகளுக்குப் பட்டம் உண்டு, இருக்கை இல்லை

ஆசிரியருக்கு, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை பற்றிய உங்கள் தலையங்கத்தில், பரம்பரைப் பட்டம் என்றாலே ஆண் வாரிசுக்குத்தான் போகும் என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் ராபர்ட்ஸ் குடும்பக் கதை வேறு. கான்பூரில் பிறந்து, 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தலைமை தாங்கிய தளபதி பிரெடரிக் ராபர்ட்ஸின் மகன் 1899இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த கொலென்சோ போரில் இறந்துவிட, 1901இல் தளபதிக்கு ஏர்ல் என்ற பிரபுப் பட்டம் கொடுத்தபோது மகள்களும் அதைப் பெறலாம் என்று அரசு சேர்த்தே எழுதிக்கொடுத்தது. 1914இல் ராபர்ட்ஸ் இறந்ததும் பட்டம் மூத்த மகள் எய்லீனுக்குப் போனது, அப்புறம் தங்கை எட்வினாவுக்கு. எட்வினாவின் ஒரே மகனும் 1940இல் நார்வே போரில் மாண்டதால் 1955இல் எட்வினா இறந்ததோடு பட்டம் முடிந்தது. ஆக, வேண்டும் என்றால் விதி வளைந்துதான் இருக்கிறது. சபையில் உட்காரும் உரிமை மட்டும் வளையவில்லை, பரம்பரைப் பட்டம் பெற்ற பெண்களுக்கு அது 1963இல்தான் கிடைத்தது.

லண்டனில் ஹார்ஸ் கார்ட்ஸ் மைதானத்தில் ராபர்ட்ஸ் சிலையைப் பார்க்கப் போனபோது, எங்கள் வழிகாட்டி ஆப்கானிஸ்தானில் அவர் நடத்திய காந்தகார் படையெடுப்பை அரை மணி நேரம் சொன்னார், மகள்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது பட்டம் பெற்ற பெண்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.