சட்டத்தை எழுதுகிறவர்களையும் கவனியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சர்வதேசச் சட்டம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பலம் படைத்த நாடுகள் நினைத்ததைச் செய்கின்றன, அறிஞர்கள் மாநாடு கூட்டிப் பேசிவிட்டுக் கலைகிறார்கள் என்பது கட்டுரையாளரின் வாதம். அதன் முதல் பாதியை நான் மறுக்கவில்லை. தன் மீது அமெரிக்கா ஆயுத பலத்தைப் பயன்படுத்தியதாக மத்திய அமெரிக்க நாடான நிகரகுவா தொடுத்த வழக்கில் 1986-இல் அமெரிக்காவுக்கு எதிராகச் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அமெரிக்கா அதை ஏற்கவில்லை. விஷயம் பாதுகாப்பு கவுன்சிலுக்குப் போனபோது வீட்டோ போட்டுத் தடுத்தது. இதையெல்லாம் மூடி மறைக்க முடியாது. ஆனால் அறம் பேசும் அறிஞர்களையும் அதைச் சட்டமாக்கப் பாடுபடும் வழக்கறிஞர்களையும் வெட்டிப் பேச்சுக்காரர்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டதைத்தான் ஏற்க முடியவில்லை.

1995-இல் ஹேக் நகரில் நடந்த ஒரு விசாரணையைக் கட்டுரையாளர் நினைத்துப் பார்த்திருக்கலாம். அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவதோ, பயன்படுத்துவேன் என்று மிரட்டுவதோ சட்டப்படி சரியா என்று ஐ.நா. பொதுச்சபை சர்வதேச நீதிமன்றத்திடம் கேட்டிருந்தது. அந்தக் கேள்வி தானாக வரவில்லை. மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் அமைதி இயக்கத்தினரும் கைகோத்து, ஒவ்வொரு நாட்டுப் பிரதிநிதியாகப் பார்த்துப் பேசி, அதைப் பொதுச்சபை வரை கொண்டுபோனார்கள். ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களின் மேயர்கள் நீதிபதிகள் முன் வந்து பேசினார்கள். மார்ஷல் தீவுகளிலிருந்து லிஜோன் எக்னிலாங் வந்தார். 1954-இல் அமெரிக்கா அங்குள்ள பிக்கினி தீவில் ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தபோது அவர் எட்டு வயதுச் சிறுமி. அதன் பிறகு தங்கள் தீவுப் பெண்களுக்கு எலும்பே இல்லாமல், உள்ளே இதயம் துடிப்பது வெளியே தெரியும் அளவுக்குக் கண்ணாடி போன்ற தோலோடு குழந்தைகள் பிறந்ததை அவர் நீதிமன்றத்தில் சொன்னார். அதுவரை ஏவுகணை, தற்காப்பு, வல்லரசுச் சமநிலை என்று போய்க்கொண்டிருந்த விவாதத்துக்குள் அந்தக் குழந்தைகளும் வந்தார்கள்.

1996 ஜூலை 8 அன்று நீதிமன்றம் தன் கருத்தைச் சொன்னது. அணு ஆயுதப் பயன்பாடு பொதுவாகச் சட்டவிரோதம்தான். ஆனால் ஒரு நாடு பிழைக்குமா அழியுமா என்ற கட்டத்தில் தற்காப்புக்காகப் பயன்படுத்தினால் என்ன என்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. அந்தப் பகுதியில் நீதிபதிகள் ஏழுக்கு ஏழாகப் பிரிந்து நிற்க, தலைவரின் வாக்கால்தான் முடிவானது. இலங்கையைச் சேர்ந்த நீதிபதி கிறிஸ்டோபர் வீரமந்திரி இதை ஏற்காமல், எந்தச் சூழ்நிலையிலும் அது சட்டவிரோதமே என்று நீண்ட மாறுபட்ட கருத்தை எழுதினார். போருக்கு எல்லை உண்டு என்பது ஐரோப்பியர் கண்டுபிடித்த எண்ணமல்ல என்று காட்ட, பல நாகரிகங்களின் போர் நெறிகளை அதில் எடுத்துவைத்தார். பேரழிவு செய்யும் பாசுபதாஸ்திரத்தை அர்ஜுனன் ஏவாமல் விட்டதையும் குறிப்பிட்டிருக்கிறார். நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் 2017-இல் 122 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறியது. அணு ஆயுதம் வைத்திருக்கும் எந்த நாடும் அதில் சேரவில்லை, உண்மைதான். ஆனாலும் குண்டுவீச்சிலும் சோதனையிலும் பாதிக்கப்பட்டவர்களின் துயரம் அதன் முகப்புரையிலேயே இடம்பெற்றிருக்கிறது.

அப்புறம், நீதிமன்றம் பக்கமே வராமல் வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ராணுவத் தளபதிகளுக்குச் சட்ட ஆலோசகர் இருக்க வேண்டும் என்று, போரில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று வரையறுக்கும் ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977-ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறை சொல்கிறது. அவர் முன்னால் வரும் கேள்வியை யோசித்துப் பாருங்கள்: ஒரு கட்டடத்தில் ஆயுதக் கிடங்கு, அடுத்த கட்டடத்தில் குடும்பங்கள். கிடைக்கப்போகும் ராணுவ ஆதாயத்தோடு ஒப்பிட்டால் பொதுமக்களுக்கு நேரக்கூடிய சேதம் மிதமிஞ்சியதா? 'மிதமிஞ்சியது' எவ்வளவு என்று எந்த ஒப்பந்தத்திலும் எண் கிடையாது. அங்கே அந்த வழக்கறிஞருக்குத் துணை, அவர் படித்த அறமும் வாங்கிய பயிற்சியும்தான். இதைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்கில் வாதாடுவது வீண் வேலை என்று என்னால் நினைக்க முடியாது. சொல்லப்போனால், இன்னும் அதிகமாக வாதாட வேண்டும்.

அறிஞர்கள் மேல் எனக்கும் வருத்தம் உண்டு. அவர்கள் எழுதுவதில் பெரும்பகுதி அவர்களுக்குள்ளேயே சுற்றுகிறது. கட்டணம் கட்டினால்தான் படிக்க முடிகிற ஆய்விதழ்கள், பத்துப் பேருக்கு மட்டும் புரிகிற நடை. அகதி முகாமில் சாட்சியம் பதிவு செய்கிறவருக்கோ எல்லையில் மனு எழுதிக் கொடுக்கிறவருக்கோ அது போய்ச் சேருவதில்லை. களத்தில் இருப்பவர்கள் கண்டதும் ஆய்வுக்குள் சரியாக வருவதில்லை. கட்டுரையாளர் இந்தக் குறையைச் சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருப்பேன்.

சரி, இப்போது நான் கேட்க வந்தது. இனப்படுகொலையைத் தடுக்க 1948-இல் ஒப்பந்தம் வந்தது. போர்க்குற்றங்களுக்கு 1949-இன் ஜெனீவா ஒப்பந்தங்கள் இருக்கின்றன. ஆனால் மனித குலத்துக்கு எதிரான குற்றங்களுக்கென்று, அதாவது பொதுமக்கள் மீது பரவலாகவோ திட்டமிட்டோ நடத்தப்படும் கொலை, சித்திரவதை போன்ற கொடுமைகளுக்கென்று, தனி ஒப்பந்தம் இன்றுவரை இல்லை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்கள் மீது நடந்த நியூரம்பர்க் விசாரணையிலேயே அந்தக் குற்றச்சாட்டு வைக்கப்பட்டிருந்தும்கூட! ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 2019-இல் ஒரு வரைவைத் தயாரித்துக் கொடுத்தது. சில நாடுகளின் தயக்கத்தால் அது ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. கடைசியில், 2028-லும் 2029-லும் மாநாடு கூட்டி ஒப்பந்தத்தை முடிவு செய்வது என்று 2024 டிசம்பரில் பொதுச்சபை தீர்மானித்தது.

எந்தச் செயல் குற்றம், யாரை ஒப்படைக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் என்று யாரை ஏற்பது என்பதெல்லாம் அங்கே வரி வரியாகப் பேசப்படும். ஒப்பந்தம் முடிந்து, யாராவது அதை மீறிய பிறகு "சட்டம் தோற்றது" என்று எழுதுவது எளிது. உங்கள் இதழ் இப்போதிருந்தே இதைப் பின்தொடர வேண்டும். வரைவின் பிரிவுகளை ஒவ்வொன்றாக விளக்கும் தொடர் ஒன்றைத் தொடங்குங்கள். அறவியல் படித்தவர் ஒருவரையும், சாட்சிகளோடு நேரில் வேலை செய்த வழக்கறிஞர் ஒருவரையும் சேர்ந்து எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தங்கள் வாசகி