பின்னால் வருகிறவருக்குத் தெரியட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் பைக்கின் பின்பக்கம் கூடுதலாக எல்இடி விளக்கு போடப்போவதாக நீ சொன்னதிலிருந்து என் மனம் அதிலேயே இருக்கிறது. ராத்திரி வேலை முடித்து நெடுஞ்சாலையில் தனியாக வருகிறவள் நீ. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், எழுதி வைத்தால் ஸ்பேனர் கையில் இருக்கும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். அதனால்தான் இந்தக் கடிதம்.

விளக்கு போடு, கட்டாயம் போடு. ஆனால் நீ படம் அனுப்பினாயே, படபடவென்று மின்னிக்கொண்டே இருக்கிற ஸ்ட்ரிப், வரிசையாக எல்இடி பதித்த பட்டை, அது வேண்டாம். காரணம் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

உன் பின்னால் கார் ஓட்டி வருகிறவரின் இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பார். இருட்டில் அவருக்கு நீயும் தெரியமாட்டாய், உன் வண்டியும் தெரியாது. ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், அவ்வளவுதான். அது ஐம்பது மீட்டரில் மங்கலாக எரிகிற விளக்கா, இருநூறு மீட்டரில் பளிச்சென்று எரிகிற விளக்கா என்று அவர் கண்ணால் பிரிக்க முடியாது. கார் என்றால் இரண்டு விளக்கு இருக்கும். நெருங்க நெருங்க இரண்டுக்கும் நடுவே இடைவெளி விரியும். அந்த விரிவை வைத்துத்தான் எவ்வளவு வேகமாக நெருங்குகிறோம் என்பதை மூளை பிடித்துக்கொள்கிறது. ஒற்றைப் புள்ளியில் விரிய எதுவும் இல்லை. மிகவும் அருகில் வந்த பிறகுதான் அது பெரிதாகத் தெரியும், அப்போது பிரேக் பிடிக்க இடம் இருக்காது.

ஆகவே நீ வாங்கும் விளக்கு எவ்வளவு பிரகாசம் என்பதைவிட எங்கே வைக்கிறாய் என்பதுதான் முக்கியம். நம்பர் பிளேட்டைச் சுற்றியே ஒட்டிவிட்டால் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது மறுபடியும் ஒரே புள்ளிதான். இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று, வண்டியின் அகலம் எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவு தள்ளி வை. பின்னால் பெட்டி மாட்டியிருந்தால் அதன் மேல் விளிம்பில் மூன்றாவதாக ஒன்று. மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணமாகத் தெரிய வேண்டும். இண்டிகேட்டரை ஒட்டி மட்டும் வைத்துவிடாதே, சிவப்பு வெளிச்சத்தில் மஞ்சள் அமுங்கிப்போகும்.

உயரத்தில் ஒரு பிரேக் லைட் என்பது காரில் பரிசோதித்துப் பார்த்த விஷயம். அமெரிக்காவில் 1986 மாடல் கார்களிலிருந்து நடுவில் உயரமாக மூன்றாவது பிரேக் லைட் கட்டாயம் ஆனது. அதற்கு முன் டாக்சிகளில் பொருத்திச் சோதித்தபோது, பிரேக் பிடித்திருக்கும்போது பின்னாலிருந்து இடிபடுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எல்லாக் கார்களிலும் வந்து மக்கள் கண் பழகிய பிறகு, 1998-இல் அந்த நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை கணக்கெடுத்தபோது நிலைத்து நின்ற பலன் 4.3 சதவீதம். சின்னப் பலன்தான், ஆனால் நிஜமான பலன். விளக்கு போட்டுவிட்டோம், இனி யாரும் இடிக்கமாட்டார்கள் என்று நீ நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவும் இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

அடுத்தது பிரேக். இதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். உன் வண்டியில் இருப்பது பழைய பல்புதான். அதற்குள் இரண்டு ஃபிலமென்ட், அதாவது சூடாகி எரிகிற மெல்லிய கம்பி, உண்டு. ஒன்று 5 வாட், எப்போதும் எரிவது. இன்னொன்று 21 வாட், பிரேக் பிடித்தால் எரிவது. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். பின்னால் வருகிறவர் பார்ப்பது அந்தத் திடீர் ஏற்றத்தைத்தான். நீ கூடுதல் ஸ்ட்ரிப்பை எந்நேரமும் முழு வெளிச்சத்தில் எரியவிட்டால், நீ பிரேக் பிடித்ததே அவருக்குத் தெரியாமல் போகும். எப்போதும் கத்திப் பேசுகிறவர் ஆபத்தில் கூவினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லையே, அப்படி ஆகிவிடும். சாதாரணமாக மங்கலாக எரிந்து, பிரேக் பிடித்தால் பளிச்சென்று ஏற வேண்டும். இல்லையென்றால் பிரேக்குக்கு மட்டும் எரியும்படி வைத்துவிடு, அதுவும் நல்லதுதான்.

இரண்டு வேலையும் ஒரே ஸ்ட்ரிப் செய்ய வேண்டுமானால் டெயில் லைட் வயரையும் பிரேக் வயரையும் ஒன்றாக முறுக்கி ஸ்ட்ரிப்பில் மாட்டிவிடாதே. அப்படிச் செய்தால் டெயில் லைட்டுக்கு வரும் மின்சாரம் பிரேக் வயருக்குள் திரும்பிப் போய், வண்டியின் 21 வாட் ஃபிலமென்ட்டும் ஓயாமல் எரியும். வழி இதுதான். இரண்டு வயரிலும் ஒவ்வொரு டயோடு போடு, அது மின்சாரத்தை ஒரே திசையில்தான் போகவிடும். கடையில் 1N4007 என்று கேள், அது போதும். டயோடில் வெள்ளைக் கோடு இருக்கும் முனை ஸ்ட்ரிப் பக்கம் இருக்கட்டும். டெயில் லைட் வயரில் டயோடோடு, மின்சாரத்தைக் குறைத்து விளக்கை மங்கவைக்கிற ஒரு ரெசிஸ்டரும் சேர்த்துக்கொள். 200 மில்லி ஆம்பியர் அளவு எடுக்கும் சின்ன ஸ்ட்ரிப்புக்கு 220, 330, 470 ஓம் மூன்றும் வாங்கி, இருட்டில் மாற்றி மாற்றிப் பார்த்து, எது சரியாக மங்குகிறதோ அதை வைத்துக்கொள். அரை வாட் ரெசிஸ்டர் தாங்கும்.

ஸ்ட்ரிப் வாங்கும்போது 12 வோல்ட் என்று எழுதியிருப்பதை மட்டும் பார்க்காதே. எஞ்சின் ஓடும்போது வண்டியில் 14 வோல்ட்டுக்கு மேலும் வரும். வண்டிக்கென்றே செய்தது அதைத் தாங்கும், அலங்காரத்துக்குச் செய்தது சூடாகிச் சீக்கிரம் மங்கிப்போகும். நிறம் சிவப்பு எல்இடியாகவே இருக்கட்டும். வெள்ளை எல்இடியைச் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் அதன் வெளிச்சத்தில் பெரும்பகுதியைக் கண்ணாடியே தின்றுவிடும்.

பழைய பல்பையும் எல்இடிக்கு மாற்றிவிடலாமே என்று கேட்பாய். அதை இருக்கிறபடி விட்டுவிடு. உன் டெயில் லைட்டின் அடியில் நிறமில்லாத ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும், அதன் வழியாக இறங்கும் வெளிச்சத்தில்தான் நம்பர் பிளேட் தெரிகிறது. சிவப்பு எல்இடி பல்பு போட்டால் நம்பர் பிளேட்டும் சிவப்பாகிவிடும். பழையது ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம் என்று இரண்டும் தனித்தனியாக இருந்தால், ஒன்று போனாலும் மற்றது எரியும். எல்இடி உனக்குத் தரும் இன்னொரு லாபம் வேகம். ஃபிலமென்ட் சூடாகி முழு வெளிச்சத்துக்கு வர சுமார் 0.2 நொடி ஆகும், எல்இடி உடனே எரிந்துவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் அந்த 0.2 நொடியில் 4 மீட்டருக்கு மேல் வந்துவிடும். அந்த நான்கு மீட்டர் உனக்கு வேண்டும்.

மின்னுகிற விளக்கு ஏன் வேண்டாம் என்றால், பார்க்கிறவர் கவனம் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், ஆனால் நீ என்ன செய்கிறாய் என்பது அவருக்குப் புரியாது. திரும்புகிறாயா, நிற்கிறாயா, எதுவும் தெரியாது. பல நாடுகளில் அது சட்டப்படி தவறும்கூட. ஐ.நா. வாகன விதிகளில் பிரேக் லைட்டுக்கு, திடீரென்று பலமாகப் பிரேக் பிடிக்கும்போது மட்டும் நொடிக்கு 4 தடவை அளவில் மின்ன இடம் கொடுத்திருக்கிறார்கள், மற்ற நேரத்தில் நிலையான வெளிச்சம்தான். நீலம் அவசர வண்டிகளுக்கு உரியது. பின்பக்கம் பார்த்து வெள்ளையும் எரியக் கூடாது.

இனி வயர். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்று, கடைசியாக மாட்டு. எது டெயில் வயர், எது பிரேக் வயர் என்று நிறத்தை நம்பி முடிவு செய்யாதே, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வயரில் மின்சாரம் வருகிறதா என்று காட்டும் மல்டிமீட்டரை வைத்துப் பிரேக் லீவரை அழுத்திப் பார்த்து உறுதி செய், அந்தச் சோதனைக்கு மட்டும் பேட்டரி இணைந்திருக்க வேண்டும். பேட்டரியிலிருந்து நேராக எடுக்காதே, சாவியை எடுத்த பிறகும் எரிந்துகொண்டிருந்தால் காலையில் வண்டி கிளம்பாது. நீ எடுக்கும் இரண்டு வயரிலும் தொடக்கத்திலேயே ஒவ்வொரு 1 ஆம்பியர் ஃபியூஸ் போடு. புதிய வேலையில் ஏதாவது கோளாறு வந்தால் அந்த ஃபியூஸ் போகட்டும், வண்டியின் ஃபியூஸ் போகக் கூடாது. இணைப்பில் வெறும் டேப் சுற்றினால் மழையில் பச்சை பிடித்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்து மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய், சூடு காட்டினால் சுருங்கி இறுகிக்கொள்வது, போடு.

ஒன்றை மட்டும் கண்ணால் பார்த்தே உறுதி செய்துகொள். சீட்டுக்கு அடியிலிருந்து வயர் மட்கார்டின் உள்பக்கமாகத்தான் பின்னால் போகும். வண்டி சும்மா நிற்கும்போது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கை நுழையும் அளவு இடம் தெரியும், அதை நம்பிவிடாதே. இரண்டு பேர் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்கினால் டயர் மேலே வந்து அந்த இடம் வெகுவாகக் குறைந்துவிடும். தொங்குகிற வயரை டயர் உரசி உரசி மேல்தோல் போய், செம்பு தெரிந்து, பாடியில் பட்டு ஃபியூஸ் போகும். பின்விளக்கு அணைந்தது ஓட்டுகிறவளுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே யாரையாவது பின்னால் உட்காரச் சொல்லி, அழுத்திக் குலுக்கச் சொல்லி, நீ குனிந்து டார்ச் அடித்துப் பார். வயர் மட்கார்டின் மேல்பக்கமாகப் போக வழி இருந்தால் அதுவே உத்தமம்.

அப்புறம், நீ ஆக்சிலரேட்டரை விட்டு கியரைக் குறைத்து வேகம் தணிக்கிற பழக்கம் உள்ளவள். அப்போது பிரேக் லைட் எரியாது, எத்தனை விளக்கு மாட்டியிருந்தாலும் சரி. பின்னால் வண்டி இருந்தால் முன் பிரேக் லீவரை லேசாகத் தொடு. பிரேக் பிடிப்பதற்கு முன்பே சுவிட்ச் விழுந்து விளக்கு எரிந்துவிடும். பெட்டியின் பின்புறத்திலும் ஹெல்மெட்டின் பின்னாலும் பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள். அதற்கு வயரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்.

மாட்டி முடித்ததும் யாரையாவது ஐம்பது அடி பின்னால் நின்று வீடியோ எடுக்கச் சொல். பட்டப்பகலில் ஒன்று, இருட்டில் ஒன்று. பிரேக் பிடிக்காமல், முன் பிரேக் மட்டும் பிடித்து, பின் பிரேக் மட்டும் மிதித்து, இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர் எல்லாம் அதில் வரட்டும். அம்மாவும் நானும் பார்க்கிறோம். ரெசிஸ்டர் விஷயத்தில் சந்தேகம் வந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா