இடக்கைக்காரனுக்கு ஒரு கத்தி

அன்புள்ள மகன் அறிவது,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். மாரி இன்னும் விட்டபாடில்லை, முற்றத்திலே கணுக்கால் அளவு தண்ணி. வாற கோடைக்குப் பிள்ளைகளோட கூடாரம் அடிக்கப் போறாய், மடிக்கிற கத்திக்கு எந்தப் பூட்டு நல்லது எண்டு கேட்டிருந்தாய். போனிலே சொல்ல வெளிக்கிட்டால் அம்மா இடையிலே போனைப் பறிச்சுப்போடுவா. அதாலேதான் எழுதிறன்.

என்ரை சுட்டுவிரல் தழும்பு உனக்குத் தெரியும். சுன்னாகம் சந்தையிலே வாங்கின வில்லுக்கத்தியாலே தேங்காய்க் கண்ணைத் தோண்டப்போய் வந்தது. முனை சிரட்டையிலே மாட்ட நான் பிடியைச் சாய்ச்சன். அலகு மடங்கி விரலிலே இறங்கிவிட்டுது. அப்பம்மா கோப்பித்தூள் வைச்சுக் கட்டினா, அதோட ரெண்டு குட்டும் போட்டா.

வில்லுக்கத்தியிலே பூட்டே கிடையாது. முதுகிலே கிடக்கிற பட்டை வில் அலகின்ரை அடியை அமத்திப் பிடிக்கும், அவ்வளவுதான். மாங்காய் வெட்டேக்கை விசை அலகைத் திறக்கிற பக்கமே தள்ளும், பயமில்லை. குத்தேக்கையும் கிண்டேக்கையும்தான் அது மடங்கப் பாக்கும். பூட்டு வேணுமெண்டால் அந்த நேரத்துக்குத்தான் வேணும்.

நீ அனுப்பின படத்திலே இருந்தது லைனர் லொக். பிடிக்குள்ளே கிடக்கிற மெல்லிய தகடு வளைஞ்சு வந்து அலகின்ரை குதியிலே முட்டுக் குடுக்கும். காங்கேசன்துறை சீமெந்து பக்டரியிலே 1990 இலே மூடும்வரைக்கும் பிற்றராய் நிண்டவன் சொல்லுறன்: தகடு குதியிலே எவ்வளவு தூரம் ஏறி நிக்குது எண்டதைப் பார். நுனி மட்டும் தொட்டுக்கொண்டு நிண்டால் அந்தக் கத்தி வேண்டாம். மற்றது, அதுகளிலே முக்காவாசி வலக்கைப் பெருவிரல் தள்ளுறதுக்கு அமைஞ்சது. நீ இடக்கை. சின்னனிலே அடிமட்டத்தாலே தட்டித் தட்டி உன்னை வலக்கையாலே எழுதப் பண்ணினவன் நான்தான். கத்தியும் உன்னை அப்பிடிப் படுத்தவேண்டாம்.

முதுகிலே அமத்திற பூட்டு ரெண்டு கைக்கும் ஒண்டுதான். அமெரிக்காக்காரன்ரை பக் 110 கத்தி 1964 இலே வந்து அதைப் பேர்பெறச் செய்தது. ஆனால் பொக்கற்றுப் பஞ்சும் மண்ணும் பூட்டு விழுற வெட்டுக்குள்ளே அடைஞ்சால் அது முழுக்க விழாது, குத்தூசியாலே கிண்டிக் கிண்டித் துப்பரவாக்கவேணும். குறுக்குக் கம்பி போட்ட அக்சிஸ் லொக்கும் 1998 இலேயிருந்து இருக்குது. நல்லதுதான், ஆனால் கம்பியைத் தள்ளுற வில் மெல்லிசு, விலையோ பெரிசு.

எனக்குப் பிடிச்சது நீ போன முறை பெட்டிக்குள்ளே போட்டுக்கொண்டுவந்த ஒபினெல் எண்ட பிரெஞ்சுக் கத்திதான். பிடியின்ரை கழுத்திலே இருக்கிற வளையத்தைத் திருகினால் அலகு மடங்க இடமில்லை. 1955 இலே கண்டுபிடிச்ச வேலை, உள்ளே வில்லும் இல்லை, உடையிறதுக்கு ஒண்டும் இல்லை. 2000 இலேயிருந்து மடிச்ச நிலையிலும் பூட்டலாம், பொக்கற்றிலே தானாய்த் திறக்காது. குறை எண்டால் மரப்பிடி. இந்த மாரியிலே ஊதி அலகை இறுக்கிப்போட்டுது. பிடியின்ரை அடியை மேசை விளிம்பிலே ரெண்டு தட்டுத் தட்ட அலகு எட்டிப்பாக்கும், நகத்தாலே இழுத்துக்கொள்ளலாம். துருப்பிடிக்காத அலகாய்ப் பாத்து வாங்கு. என்ரை கார்பன் உருக்கு, கடற்காத்துக்கு ரெண்டு கிழமையிலே கறுத்துப்போச்சுது.

இதை மட்டும் மறக்காதே. உங்கடை இங்கிலாந்தின்ரை 1988 ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடத்திலே வெட்டுற விளிம்பு மூண்டு அங்குலத்துக்கு (7.62 சென்ரிமீற்றர்) மேற்படாத மடக்குக் கத்தியைத்தான் காரணம் கேளாமல் விடுது. பூட்டு இருந்தால் அது மடக்குக் கத்திக் கணக்கிலே வராது எண்டு பிறகு நீதிமன்றம் தீர்த்தது. ஒபினெல் எட்டாம் நம்பருக்கு 8.5 சென்ரிமீற்றர் அலகு, பூட்டும் இருக்குது, ரெண்டு வழியாலும் பிழை, தகுந்த காரணம் இல்லாமல் வெளியிலே கொண்டு திரியேலாது. கூடாரத்துக்குப் போற நாளிலே பையின்ரை அடியிலே வைச்சுக் கொண்டு போ, வந்த உடனே எடுத்து வீட்டிலே வை. காரிலே விட்டுப்போட்டு வேலைக்குப் போகாதே. அப்பிள் வெட்ட வேணுமெண்டால் பொக்கற்றிலே சின்ன வில்லுக்கத்தி காணும், தேங்காய்க் கண்ணைக் கிண்டாமல் இருந்தால் சரி.

சின்னவளும் இடக்கையாம், அம்மா சொன்னா. ஒபினெல் கம்பனி பிள்ளைகளுக்கெண்டு முனை வட்டமாய் ஏழாம் நம்பர் ஒண்டு செய்யிறான், அதுக்கும் வளையம் இருக்குது. பக்கத்திலே இருந்து பழக்கு. காசு நான் தாறன்.

இப்படிக்கு,
அப்பா