ஹாக்லருக்கு ஏழாவது இடமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் எல்லாக் காலத்துக்குமான சிறந்த மிடில்வெயிட் (160 பவுண்டு எடைப் பிரிவு) குத்துச்சண்டை சாம்பியன்கள் பட்டியலைப் பார்த்தேன். மார்வின் ஹாக்லருக்கு ஏழாவது இடம். இடம்கூடப் பரவாயில்லை, அதற்குச் சொன்ன காரணத்தைத்தான் ஏற்க முடியவில்லை. ஹியர்ன்ஸை மூன்றே சுற்றில் சாய்த்தார், அதற்குப் பிளஸ். லெனார்டிடம் தோற்றார், அதற்கு மைனஸ். அப்புறம் அவர் ஜெயித்த பெரிய பெயர்கள் எல்லாம் எடை குறைந்த ஆட்கள் என்பதால் இன்னொரு மைனஸ். கணக்கு முடிந்தது. 67 சண்டை போட்டு 62 ஜெயித்து, அதில் 52 நாக் அவுட் எடுத்த ஒருவரை இப்படி இரண்டு ராத்திரியை வைத்து எடைபோடுவது என்ன நியாயம் என்று தெரியவில்லை.

முதலில் எடை விஷயம். கட்டுரையாளர் சொல்வதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. டூரான் லைட்வெயிட்டில் பெயர் வாங்கிவிட்டு மேலே ஏறி வந்தவர், லெனார்டும் ஹியர்ன்ஸும் வெல்டர்வெயிட்டில் இருந்து வந்தவர்கள், மோதிய எல்லோரையும் நாக் அவுட் செய்தே வந்த முகாபிகூட ஒரு படி கீழே இருந்துதான் வந்தார். அந்த டூரானிடம் 1983-ல் ஹாக்லர் திணறியதும் உண்மை. 13 சுற்று முடிந்தபோது புள்ளியில் டூரான்தான் முன்னால் இருந்தார், கடைசி இரண்டு சுற்றை எடுத்துத்தான் ஹாக்லர் தப்பித்தார். ஆனால் இதே குறையை மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும் இல்லையா? ஹாக்லருக்கு மேலே நீங்கள் வைத்திருக்கும் பெர்னார்ட் ஹாப்கின்ஸ் யாரை ஜெயித்துப் பெரிய ஆள் ஆனார்? டிரினிடாட், டி லா ஹோயா. இரண்டு பேருமே கீழ் எடையில் இருந்து வந்தவர்கள். கார்லோஸ் மொன்சோன் 1974-ல் அடித்த நாப்போலஸ் அப்போது வெல்டர்வெயிட் சாம்பியன். 160 பவுண்டு எடையில் பணமும் புகழும் வேண்டுமென்றால் கீழே இருந்து வரும் நட்சத்திரத்தோடு மோதித்தான் ஆக வேண்டும், அந்தக் காலத்திலும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

சரி, சுத்தமான மிடில்வெயிட் ஆட்களை ஹாக்லர் அடித்தாரா? அடித்தார். ஆனால் அது பட்டம் வாங்குவதற்கு முன்னால், பிலடெல்பியாவில். உங்கள் கட்டுரையில் அந்த வருடங்கள் பற்றி ஒரு வரிகூட இல்லை, நான் இந்தக் கடிதம் எழுதுவதே அதனால்தான்.

எழுபதுகளில் மிடில்வெயிட்டில் மோதி நிரூபிக்க வேண்டுமென்றால் அந்த ஊருக்குத்தான் போக வேண்டும். உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் முரட்டு ஆட்கள், நடுவர்களும் உள்ளூர், கூட்டமும் உள்ளூர். தன் ஊரான பிராக்டனில் இருந்து பயிற்சியாளர்கள் பெட்ரோனெலி சகோதரர்களோடு கிளம்பிப் போன ஹாக்லர், 1976 ஜனவரியில் அங்கே பாபி வாட்ஸிடம் புள்ளியில் தோற்றார், அதை இன்றுவரை பலர் தப்பான தீர்ப்பு என்றுதான் சொல்கிறார்கள். மார்ச்சில் மறுபடி போய் வில்லி மன்ரோவிடம் தோற்றார், இது நியாயமான தோல்வி. இரண்டு மாதத்துக்குள் இரண்டு அடி. அதே ஊர் பக்கம் இனி தலைவைத்துப் படுக்க வேண்டாம் என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள். இவர் அதே வருடம் திரும்பிப் போய் யூஜின் ஹார்ட்டை மேலே ஆட முடியாமல் நிறுத்தினார். 1977-ல் மன்ரோவை பாஸ்டனில் 12-வது சுற்றில் நிறுத்தினார், அது போதாது என்று சில மாதத்தில் பிலடெல்பியாவுக்கே போய் இரண்டே சுற்றில் முடித்தார். 1978-ல் பென்னி பிரிஸ்கோவை அவர் ஊரிலேயே வைத்து ஜெயித்தார். பிரிஸ்கோ யார் என்றால், மொன்சோனோடு ஒரு சண்டையை டிரா செய்தவர். வாட்ஸ் கணக்கு 1980 வரை பாக்கி இருந்தது, அதையும் இரண்டு சுற்றில் தீர்த்தார். 1974-ல் ஹாக்லரோடு டிரா செய்த ஒலிம்பிக் தங்கப் பதக்கக்காரர் சுகர் ரே சீல்ஸுக்கு 1979-ல் ஒரே சுற்று.

இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1979 நவம்பரில் லாஸ் வேகாஸில், தன் 50-வது சண்டையில்தான் இந்த மனிதருக்கு முதல் பட்ட வாய்ப்பே கிடைத்தது. கறுப்பர், இடதுகைக்காரர், அதற்கும் மேல் திறமைசாலி. எந்த சாம்பியன் வலிய வந்து மோதுவார்? அந்த வாய்ப்பிலும் ஆன்டுவோஃபெர்மோவோடு டிரா என்று கொடுத்து, பட்டம் பழைய சாம்பியனிடமே தங்கிவிட்டது. சண்டையைப் பார்த்தவர்களில் நிறையப் பேர் ஹாக்லர்தான் ஜெயித்தார் என்றார்கள்.

பட்டம் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 1980 செப்டம்பர் 27, லண்டன் வெம்பிளி. அதற்குள் சாம்பியனாகியிருந்த இங்கிலாந்துக்காரர் ஆலன் மின்டர் முகம் முழுக்கக் கிழிந்து மூன்றாவது சுற்றில் சண்டையை நிறுத்துகிறார்கள். புது சாம்பியன் ரிங் நடுவில் முழங்காலிட்டு உட்காருகிறார், அடுத்த நொடி கூட்டத்தில் இருந்து பீர் பாட்டில்கள் பறந்து வருகின்றன. பெட்ரோனெலி ஆட்கள் அவர் மேல் கவிழ்ந்து படுத்து மறைக்கிறார்கள், போலீஸ் வந்து உள்ளே கூட்டிப் போகிறது. ஏழு வருடம் காத்திருந்து வாங்கிய பெல்ட்டை ரிங்கில் நின்று இடுப்பில் கட்டிக்கொள்ளக்கூட விடவில்லை. அடுத்த வருடம் பாஸ்டனில் ஆன்டுவோஃபெர்மோவுக்கு மறுசண்டை கொடுத்தார், அவர் நாலு சுற்றுக்கு மேல் தாங்கவில்லை.

ஹியர்ன்ஸ் சண்டையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எட்டு நிமிடம், எல்லோரும் பார்த்தது.

லெனார்ட் சண்டை வேறு. 1987 ஏப்ரல் 6. என் நண்பர்கள் பாதிப் பேர் இன்னும் அதைக் கொள்ளை என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 118-110 என்று ஒரு நடுவர் லெனார்டுக்குப் போட்டது அபத்தம், ஆனால் மற்ற இரண்டு பேரும் 115-113 என்று ஆளுக்கு ஒரு பக்கம் போட்டதுதான் சண்டையின் உண்மையான நிலவரம். ஐந்து வருடத்தில் ஒரே ஒரு சண்டை போட்டிருந்த லெனார்ட், 15 சுற்று வேண்டாம் 12 போதும், ரிங் பெரிதாக வேண்டும், கையுறை கனமாக வேண்டும் என்று கேட்டார், ஹாக்லர் தரப்பு கூடுதல் பணத்துக்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. அப்புறம் ஆரம்பச் சுற்றுகளில் ஹாக்லர் தன் இடதுகை நிலையை விட்டுவிட்டு வலதுகைக்காரர்போல நின்று ஆடினார். ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தச் சுற்றுகளைத் தானமாகக் கொடுத்துவிட்டு ஒன்றிரண்டு புள்ளியில் தோற்றவர் நடுவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. லெனார்ட் மறுசண்டைக்கு வரவில்லை, ஹாக்லரும் காத்திருந்து பார்த்துவிட்டு 1988-ல் ஓய்வு என்று சொல்லி இத்தாலிக்குப் போய்விட்டார். தீர்க்காமல் விட்ட கணக்கு அது ஒன்றுதான்.

என் வரிசையைக் கேட்டால், சுகர் ரே ராபின்சனும் ஹாரி கிரெப்பும் மேலே. (கிரெப் போட்ட ஒரு சண்டைகூடப் படச்சுருளில் இல்லை, பின்னாளில் ஹெவிவெயிட் சாம்பியனான ஜீன் டன்னியை ஜெயித்த ஒரே ஆள் என்பதற்காக நம்பி வைக்கிறோம்.) மூன்றாவது மொன்சோன், ஏனென்றால் அவரும் தோற்ற மூன்று பேரையும் திருப்பி அடித்தவர், 14 முறை பட்டத்தைக் காத்து சாம்பியனாகவே ஓய்வு பெற்றவர். நாலாவது ஹாக்லர். ஹாப்கின்ஸ் 20 முறை காத்தார் என்பது பெரிய எண்தான், அந்த 20 பேர் யார் என்று பார்த்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. இதில் சண்டைக்கு வருபவர்கள் வரட்டும்.

கடைசியாக, அட்டவணையில் ஒரு பிழை. ஹாக்லர் பட்டத்தைக் காத்த சண்டைகள் 11 என்று அச்சாகியிருக்கிறது. 12 என்று இருக்க வேண்டும். 11 என்பது அவற்றில் முழுச் சுற்றும் போகாமல் முடிந்தவை, டூரான் ஒருவர்தான் 15 சுற்றும் நின்றவர். அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி